ஈரப் பாயும் ஒரு ஹாலேக்காரரும்

பதிவு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. பரீட்சை, லேப், அப்புறம் வழக்கமான சோம்பேறித்தனம். இந்த வாட்டி சாம்பார் சொதப்பின கதையோ, ட்ராம்ல டிக்கெட் பரிசோதகர்கிட்ட முழிச்ச கதையோ கிடையாது. கொஞ்சம் சீரியஸ் மேட்டர், கொஞ்சம் நீளமும் கூட. ஒரு டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

நான் இங்க ஹாலேல உயிர்வேதியியல்ல மாஸ்டர்ஸ் பண்றேன்னு உங்களுக்குத் தெரியும். இந்த செமஸ்டர்ல ஹீமோகுளோபின் நோய்கள் பத்தி ஒரு செமினார். ஆளுக்கு ஒரு தலைப்பு, இருபது நிமிஷம் பேசணும். எனக்கு வந்த தலைப்பு: சிக்கிள் செல் அனீமியா இருக்குற குழந்தைகளுக்கு சிறுநீரகம் கெட ஆரம்பிக்கிறதோட முதல் அறிகுறிகள். அரிவாள் செல் ரத்தசோகைன்னு நம்ம பேப்பர்கள்ல போடுவாங்களே, அதுதான்.

'சரி, நாலு கட்டுரை படிச்சு பத்து ஸ்லைடு போட்டு ஒப்பேத்திடலாம்'னு நெனச்சுத்தான் உக்காந்தேன். ஜனவரி மாசம். நாலரை மணிக்கே வெளிய இருட்டு. முதல் கட்டுரைல ஒரு பட்டியல். முதல் வரி: சிறுநீரை அடர்த்தியாக்க முடியாமை. ரெண்டாவது வரி: ராத்திரி படுக்கையை நனைத்தல்.

அங்கயே நின்னுட்டேன். அதுக்கு மேல அன்னிக்கு ஒரு வரி கூடப் படிக்கல.

2011க்குப் போவோம். நீலகிரி மாவட்டம், கூடலூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் டீ எஸ்டேட்ல வேலை, அதனால என்னை ஒரு ஹாஸ்டல்ல விட்டிருந்தாங்க. நான் அப்ப ஆறாவது. எந்த ஹாஸ்டல்னு சொல்லப் போறதில்ல, கேக்காதீங்க. வரிசையா பாய் போட்டுப் படுப்போம். எனக்குப் பக்கத்துப் பாய் அவனோடது. பணியர் வீட்டுப் பையன். (அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன். "எழுதிக்கோ, பேரு மட்டும் போடாத"ன்னான். அதனால இந்தப் பதிவுல அவன் 'அவன்'தான்.)

அவனுக்குப் பதினோரு வயசு. தினம் ராத்திரி பாய் நனையும். வாரத்துல ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, தினமும். கூடலூர் மழை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், ஜூன்ல பிடிச்சா ஆகஸ்ட் வரைக்கும் விடாது. நனைஞ்ச பாய் காயவே காயாது. சமையல்கட்டு விறகடுப்புப் பக்கத்துல சாய்ச்சு வைப்பான். புகையும் மூத்திரமும் கலந்த ஒரு வாடை வரும். பசங்க எல்லாரும் மூக்கைப் பிடிச்சிட்டுப் போவோம். அவனுக்கு நாங்க வெச்ச பேரு 'ஊத்து'. மலைல தண்ணி ஊறுமே, அந்த ஊத்து. வெச்சது நானில்ல. ஆனா கூப்பிட்டவங்கள்ல நானும் உண்டு.

வார்டன் மொதல்ல திட்டினார். அப்புறம் பிரம்பு. அப்புறம் அவர் கண்டுபிடிச்ச வைத்தியம்: சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அவனுக்குத் தண்ணி கிடையாது. ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லாருக்கும் டம்ளர்ல தண்ணி வெப்பாங்க, அவன் தட்டுப் பக்கத்துல டம்ளர் இருக்காது. அவன் என்ன பண்ணுவான்னா, கை கழுவப் போற சாக்குல குழாய்ல வாய வெச்சுக் குடிப்பான். ஒரு நாள் மாட்டினான். அதுக்கப்புறம் கை கழுவறதுக்கே யாராவது ஒருத்தன் கூடப் போகணும், அவன் குடிக்காம பாத்துக்கணும்னு உத்தரவு. ஒரு வாரம் அந்த டூட்டி எனக்கு.

நான் ஒழுங்காப் பார்த்தேன் மக்களே. ரொம்ப நல்ல பையன் நான். ஒரு வாய் கூடக் குடிக்க விடல.

பகல்ல வகுப்புலயும் இதே கதைதான். முக்கால் மணிக்கொரு தடவை 'சார், ஒண்ணுக்கு'ன்னு கை தூக்குவான். 'உக்காருடா, இப்பத்தானே போன'ம்பாங்க. குளிர் வந்தா கை வலிக்குது, கால் வலிக்குதும்பான். வேலைக்கு டிமிக்கின்னு அதுக்கும் ஒரு திட்டு. ஒரு நாள் சாயங்காலம் ஃபுட்பால் ஆடிட்டு வந்து படுத்தான். நடுராத்திரி அலறினான் பாருங்க, இன்னிக்கும் அந்தச் சத்தம் காதுல இருக்கு. ஜீப்ல தூக்கிட்டுப் போனாங்க. அந்த வருஷம் அவன் திரும்ப வரல. என்ன ஆச்சுன்னு எங்க யாருக்கும் யாரும் சொல்லல. நாங்களும் கேக்கல.

இப்ப ஹாலேல, ஹீட்டர் பக்கத்துல உக்காந்து, பதிமூணு வருஷத்துக்கு மேல கழிச்சு, ஒரு பட்டியலோட ரெண்டாவது வரில அவனைப் பாக்குறேன்.

சரி, அந்த உடம்புக்குள்ள என்னதான் நடந்துச்சுன்னு எனக்குப் புரிஞ்ச அளவுல சொல்றேன். (நான் டாக்டர் இல்ல. படிக்கிற பையன். வைத்தியத்துக்கு டாக்டரைப் பாருங்க.)

நம்ம ரத்தச் சிவப்பணுக்குள்ள இருக்குற ஹீமோகுளோபின்ல பீட்டா சங்கிலின்னு ஒண்ணு. அதுல ஆறாவது இடத்துல குளூட்டாமிக் அமிலம் இருக்கணும். சிக்கிள் செல்லுல அங்க வேலின் உக்காந்திருக்கும். மொத்த வித்தியாசமும் அந்த ஒரு எழுத்துப் பிழைதான். 1956ல வெர்னான் இங்கிராம் இதைக் கண்டுபிடிச்சார். ஆக்சிஜன் குறைஞ்சா இந்த ஹீமோகுளோபின் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, நீளமா நாராத் திரிஞ்சு, வட்டமா இருக்குற அணுவை அரிவாள் மாதிரி வளைச்சிடும். வளைஞ்ச அணு சின்ன ரத்தக் குழாய்ல போக முடியாம சிக்கும். சிக்கின இடத்துக்கு அந்தப் பக்கம் ரத்தம் போகாது. வலி அதனாலதான். சாதாரணச் சிவப்பணு 120 நாள் உயிரோட இருக்கும், இது 10–20 நாள்ல உடைஞ்சிடும். ரத்தசோகை அதனால.

இதுல கிட்னி எங்க வருது?

கிட்னியோட உள்பகுதிக்கு மெடுல்லான்னு பேரு. சிறுநீர்லருந்து தண்ணியத் திருப்பி உறிஞ்சி மிச்சம் பிடிக்கிற இடம் அதுதான். அந்த வேலைக்காக அங்க உப்புச் செறிவு ரொம்ப அதிகம். ஆக்சிஜன் ரொம்பக் குறைவு. அமிலத்தன்மையும் கொஞ்சம் ஜாஸ்தி. சிவப்பணு அந்த உப்புக்குள்ள போனதும் தண்ணிய இழந்து சுருங்கும், உள்ள ஹீமோகுளோபின் இன்னும் நெருக்கமாகும். அரிவாளா வளையறதுக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் ஒரே இடத்துல. உடம்புலயே இதைவிட மோசமான இடம் கிடையாது.

அங்க போற ரத்தக் குழாய்கள் எப்படி இருக்கும் தெரியுமா? நேரா உள்ள இறங்கி, கொண்டை ஊசி மாதிரி திரும்பி மேல ஏறும். ஊட்டிலருந்து மசினகுடி போற கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவு இருக்கே, அது மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஒரு வளைவுல ஒரு லாரி குறுக்க நின்னுட்டா? மேலயும் போக முடியாது, கீழயும் வர முடியாது. தினம் ஒரு லாரி நின்னா, கொஞ்ச வருஷத்துல அந்த ரோடே இல்லாமப் போயிடும். இங்கயும் அப்படித்தான். அந்தக் குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சு போகுது.

அது போனா தண்ணியை மிச்சம் பிடிக்க முடியாது. ஆரோக்கியமான கிட்னி தேவைப்பட்டா சிறுநீரை 1,000 மில்லிஆஸ்மாலுக்கு மேல கெட்டியாக்கும். சிக்கிள் செல் நோய் முத்தினவங்களுக்கு 400–450ஐத் தாண்டுறதே கஷ்டம். இதுக்கு ஹைப்போஸ்தெனூரியான்னு வாய்ல நுழையாத ஒரு பேரு. நம்ம பாஷைல சொன்னா 'மூத்திரம் தண்ணியாப் போகுது'. குழந்தைப் பருவத்துலயே ஆரம்பிச்சிடும்.

இப்பப் புரியுதா? அவன் தண்ணி நிறையக் குடிச்சதால மூத்திரம் போகல. மூத்திரமாப் போனதாலதான் தண்ணி தேடினான். நீங்க தண்ணிய நிறுத்தினாலும் அந்தக் கிட்னி நிறுத்தாது. உடம்புல இருக்குறதை எடுத்து வெளிய விட்டுட்டே இருக்கும். உடம்பு வறண்டா சிவப்பணுவும் வறளும், இன்னும் அதிகமா அரிவாளாகும், இன்னும் அதிகமா அடைக்கும். கிட்னியும் இன்னும் கெடும். பாய் நனையக் கூடாதுன்னு வார்டன் செஞ்ச வைத்தியம், அந்தப் பையனுக்கு யாராலயும் செய்ய முடிஞ்ச ஆக மோசமான காரியம். அதுக்குக் காவல் நின்னது நான்.

இன்னொரு விஷயம் படிச்சப்ப வயித்தைப் பிசைஞ்சுது. சின்னக் குழந்தைகளுக்கு நல்ல ரத்தம் ஏத்தினா சிறுநீரைக் கெட்டியாக்குற திறன் திரும்ப வருதுன்னு 1950கள், 60கள்லயே காட்டியிருக்காங்க. வயசு ஏற ஏற அது குறைஞ்சு, 15 வயசுக்கு மேல திரும்பறதே இல்ல. அதுக்காக எல்லாருக்கும் ரத்தம் ஏத்தணும்னு அர்த்தம் இல்ல, அதுல வேற சிக்கல்கள் இருக்கு. ஆனா சின்ன வயசுல கிட்னி இன்னும் முழுசா அழியல, சேதி மட்டும் சொல்லுதுன்னு அர்த்தம்.

இது முதல் அறிகுறி. ரெண்டாவது அறிகுறி கண்ணுக்கே தெரியாது, அதுதான் இன்னும் ஆபத்து.

ரத்தத்தை வடிகட்டுற சின்னச் சின்ன முடிச்சுகளுக்கு குளோமெருலஸ்னு பேரு. சிக்கிள் செல் குழந்தைகளுக்கு அது கெடறதுக்கு முன்னாடி ஒரு வேடிக்கை பண்ணும். வழக்கத்தைவிட அதிகமா வடிகட்டும். ஹைப்பர் ஃபில்ட்ரேஷன். கைக்குழந்தைகள்கிட்டயே இதைப் பார்த்திருக்காங்க. கிட்னி பிரமாதமா வேலை செய்யுற மாதிரி தெரியும். உண்மையில அளவுக்கு மீறி ஓடி, சீக்கிரமே தேயுற மோட்டார் அது.

வழக்கமா கிட்னி சரியா இருக்கான்னு பாக்க நம்ம ஊர்ல என்ன டெஸ்ட் எடுப்பாங்க? ரத்தத்துல கிரியாட்டினின். இந்தக் குழந்தைகளுக்கு அது எப்பவும் நார்மலாத்தான் இருக்கும், இல்லன்னா அதுக்கும் கீழ. மூணு காரணம். ஒண்ணு, வடிகட்டுற வேகம் ஜாஸ்தி. ரெண்டு, கிட்னிக் குழாய்கள் கிரியாட்டினினைத் தனியாவும் வெளிய தள்ளுது. மூணு, தசை கம்மியான உடம்பு, அதனால கிரியாட்டினின் உற்பத்தியே கம்மி. ஆக, 'கிரியாட்டினின் நார்மல், கவலைப்படாதீங்க'ன்னு ரிப்போர்ட் வரும். அது ஏறி நிக்கும்போது கிட்னி பாதிக்கு மேல போயிருக்கும்.

அப்ப எதைப் பாக்கணும்? சிறுநீர்ல அல்புமின். வடிகட்டில ஓட்டை விழ ஆரம்பிச்சா, முதல்ல கசியுற புரதம் இது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30லருந்து 300 மில்லிகிராம் வரைக்கும் அல்புமின் இருந்தா மைக்ரோஅல்புமினூரியா. அதாவது சேதம் ஆரம்பிச்சாச்சு, ஆனா இன்னும் பிடிச்சு நிறுத்தலாம்ங்குற கட்டம். இதுலயும் ஒரு பொறி இருக்கு. கலர் மாறுற குச்சியை முக்கிப் பாக்குற சாதாரண யூரின் டெஸ்ட்ல இவ்வளவு சின்ன அளவு தெரியாது. போதாக்குறைக்கு இவங்க சிறுநீர் தண்ணியா இருக்கும், இருக்குற கொஞ்சமும் கரைஞ்சு போய் சுத்தமாத் தெரியாது. அதனாலதான் அல்புமினையும் கிரியாட்டினினையும் சேர்த்து அளந்து விகிதம் போடணும். ஏ.சி.ஆர்-னு கேட்டா லேப்ல தெரியும். காலைல எந்திரிச்சதும் போற முதல் சிறுநீர்ல பாக்குறது நல்லது. பகல்ல ஓடியாடுற பசங்களுக்கு நோய் இல்லாமலே கொஞ்சம் புரதம் வரலாம்.

அமெரிக்காவோட தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் 2014ல ஒரு வழிகாட்டி போட்டுச்சு. சிக்கிள் செல் நோய் இருக்குற எல்லாருக்கும் 10 வயசுலருந்து வருஷா வருஷம் சிறுநீர்ல புரதம் பாக்கணும்னு அதுல இருக்கு. கசிவு உறுதியாச்சுன்னா, பிரஷருக்குக் கொடுக்குற ஏ.சி.இ. இன்ஹிபிட்டர் வகை மாத்திரையால அதைக் குறைக்கலாம். ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை பத்தியும் சொல்லணும். 2011ல வந்த 'பேபி ஹக்' ஆய்வுல 193 கைக்குழந்தைகள். வடிகட்டுற வேகத்துல மாத்திரை பெருசா வித்தியாசம் காட்டல. ஆனா வலி கம்மியாச்சு, சிறுநீரைக் கெட்டியாக்குற திறனும் மாத்திரை சாப்பிட்ட குழந்தைகளுக்குக் கொஞ்சம் நல்லா இருந்துச்சு.

நடுவுல ஹாலேக்காரர் எங்கன்னு கேக்குறீங்களா? வந்துட்டார்.

ஹாலேன்னா நம்மாளுங்களுக்கு உடனே சீகன்பால்கு ஞாபகம் வரும். இங்க படிச்சுட்டு 1706ல தரங்கம்பாடி வந்தவர், இங்கருந்து போன தமிழ் அச்செழுத்து, ஃபிராங்கே நிறுவனத்துல இருக்குற நம்ம ஓலைச்சுவடிகள்... அதைப் பத்தி நானே ஒரு பதிவு போட்டு, நீங்களும் பின்னூட்டத்துல கும்மியடிச்சாச்சு. :-) இது வேற தொடர்பு.

செமினாருக்காக 'நீலகிரில சிக்கிள் செல் எப்பத் தெரிஞ்சுது'ன்னு தேடினேன். 1952. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல். தென்னிந்தியாவுல சிக்கிள் செல் பத்தின சின்னக் கட்டுரை. நீலகிரிப் பழங்குடி மக்களோட ரத்தத்தைப் பரிசோதிச்சு எழுதினது. இந்தியாவுல இந்த நோயைப் பத்தி வந்த முதல் தகவல்கள்ல ஒண்ணு. எழுதினவங்க ரெண்டு பேர்: ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ். லேமன்ங்குறது ஜெர்மன் பேராச்சேன்னு யார் இவர்னு பார்த்தேன். பிறப்பு: 1910 ஜூலை 8. ஊர்: ஹாலே.

லைப்ரரில உக்காந்து சத்தமாவே 'அடப்பாவி'ன்னுட்டேன். பக்கத்து சீட் பொண்ணு முறைச்சுது.

நான் நீலகிரிலருந்து ஹாலேக்கு வந்து தெரிஞ்சுக்கிட்டதை, ஹாலேல பிறந்த ஒருத்தர் நீலகிரி ரத்தத்துல எனக்கு 70 வருஷத்துக்கும் மேல முன்னாடியே பார்த்திருக்கார்.

லேமன் யூதர். ஹிட்லர் வந்த பிறகு இங்க டாக்டர் பட்டம் வாங்க வழியில்ல. சுவிட்சர்லாந்து போய் பாசெல்ல 1934ல வாங்கினார். 1936ல இங்கிலாந்து போயிட்டார். ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் பிரிவுல சேர்ந்து இந்தியாவுல வேலை பார்த்தார். அப்புறம் ரெண்டு வருஷம் உகாண்டால, ரத்தசோகை ஆராய்ச்சி. பிற்பாடு கேம்பிரிட்ஜ்ல உக்காந்துகிட்டு உலகம் பூரா ஹீமோகுளோபின் பிழைகளைத் தேடித் தேடிப் பிடிச்சார். 1972ல ராயல் சொசைட்டி உறுப்பினர். 1985ல இறந்தார். எங்க யுனிவர்சிட்டில புரத ஆராய்ச்சிக் கட்டடம் ஒண்ணுக்கு சார்ல்ஸ் டான்ஃபோர்டு பேர் வெச்சிருக்காங்க. அவரும் ஹாலேல பிறந்து சின்ன வயசுலயே இங்கிலாந்து போன யூதக் குழந்தைதான். இந்த ஊர் யாரையெல்லாம் இழந்துச்சுன்னு அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போது அப்பப்ப நெனச்சுக்குவேன்.

இன்னொரு பொருத்தம் பாருங்க. லேமன் பிறந்த அதே 1910, நவம்பர் மாசம், சிகாகோல ஜேம்ஸ் ஹெரிக்ங்குற டாக்டர் இந்த நோயைப் பத்தின முதல் கட்டுரையை வெளியிட்டார். கிரெனடா தீவுலருந்து பல் மருத்துவம் படிக்க வந்த ஒரு மாணவரோட ரத்தத்துல அரிவாள் மாதிரி அணுக்கள். அந்த முதல் கட்டுரைலயே ஹெரிக், நோயாளிக்குச் சிறுநீர் அதிகமாவும் அடர்த்தி குறைவாவும் போகுதுன்னு எழுதி வெச்சிருக்கார்.

1910ல சிறுநீர் தண்ணியாப் போகுதுன்னு எழுதியாச்சு. 1952ல நீலகிரி மக்கள் ரத்தத்துல இருக்குன்னு எழுதியாச்சு. 2011ல நீலகிரில ஒரு ஹாஸ்டல்ல, பதினோரு வயசுப் பையனுக்குத் தண்ணி கொடுக்காம அடிச்சோம். ரெண்டு கட்டுரையும் உலகத்துல இருந்துச்சு. எங்க வார்டனுக்கு, எங்க சாருக்கு, சமையல்கார அக்காவுக்கு, எனக்கு, யாருக்கும் வந்து சேரல. ரத்தம் எடுத்துட்டுப் போறது ஒரு வேலை. அதுல தெரிஞ்சதைக் கொடுத்தவங்க வாசலுக்குத் திருப்பிக் கொண்டு வர்றது இன்னொரு வேலை. முதல் வேலைக்குப் பேரும் புகழும் உண்டு. ரெண்டாவதைச் செய்யுறவங்க பேரு நமக்குத் தெரியாது.

செய்யுறவங்க இருக்காங்க. கூடலூர்ல 'அஸ்வினி' அமைப்போட ஆதிவாசி மருத்துவமனை, கோத்தகிரில நாவா-ன்னு சொல்ற நீலகிரி ஆதிவாசி நலச் சங்கம், ரெண்டு பேரும் சிக்கிள் செல்லுக்காக வருஷக்கணக்கா உழைக்கிறவங்க. மத்திய அரசும் 2023 ஜூலை 1 அன்னிக்கு மத்தியப் பிரதேசம் ஷாடோல்ல சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தை ஆரம்பிச்சிருக்கு. 40 வயசு வரைக்கும் 7 கோடி பேரைப் பரிசோதிக்கணும், 2047க்குள்ள ஒழிக்கணும்னு இலக்கு. ஜெர்மனில 2021 அக்டோபர்லருந்து பிறக்குற எல்லாக் குழந்தைக்கும் குதிகால்ல குத்தி எடுக்குற அந்த ஒரு சொட்டு ரத்தத்துலயே சிக்கிள் செல்லும் பாக்குறாங்க. இங்க அது அபூர்வ நோய். நம்ம மலைல அப்படி இல்ல.

இன்னொரு பேச்சும் காதுல விழும்: 'இந்தியால இருக்குறது மைல்டு வகை, பெருசா ஒண்ணும் பண்ணாது'. நம்ம பக்கத்து மரபு வகைல கருவுல இருக்கும்போது உருவாகுற ஹீமோகுளோபின் பிறந்த பிறகும் கொஞ்சம் தூக்கலாவே இருக்கும், அது அரிவாளாகுறதைத் தடுக்கும், அதெல்லாம் உண்மைதான். ஆனா அது சராசரிக் கணக்கு. எனக்குப் பக்கத்துப் பாய்ல படுத்திருந்தவன் சராசரி இல்ல.

செமினார் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி அவன் நம்பரைத் தேடிப் பிடிச்சேன். பழைய ஹாஸ்டல் பசங்க நாலு பேர் மாத்தி மாத்திக் கொடுத்தாங்க. பத்து நிமிஷம் போனைக் கைல வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அப்புறம் அடிச்சேன்.

"யாரு? ஜெர்மனியா? டேய், நீயா!"

ஜீப் ஓட்டுறானாம். கல்யாணம் ஆகி ஒரு பொண்ணு, ரெண்டு வயசு. அன்னிக்கு ராத்திரி ஜீப்ல தூக்கிட்டுப் போன பிறகுதான் ஆஸ்பத்திரில சிக்கிள் செல்லுன்னு கண்டுபிடிச்சாங்களாம். இப்ப ஹைட்ராக்ஸியூரியா தினம் சாப்பிடுறான். வலி ரொம்பக் கம்மியாம். ரெண்டு வருஷம் முன்னாடி யூரின் டெஸ்ட்ல அல்புமின் போகுதுன்னு தெரிஞ்சு அதுக்கும் ஒரு மாத்திரை.

நான் என்னென்னவோ பேசினேன். செமினார், தலைப்பு, மெடுல்லா, கொண்டை ஊசி வளைவு. அவன் கேட்டுட்டே இருந்துட்டுச் சொன்னான்: "ஏன்டா, அவ்வளவு தூரம் போயி என் மூத்திரத்தப் பத்தியாடா படிக்கிற?"

சிரிச்சோம். சிரிச்சு முடிச்சுட்டு, 'ஊத்து'ன்னு கூப்பிட்டதுக்கும், குழாய்கிட்ட காவல் நின்னதுக்கும் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சேன்.

"அடியெல்லாம் மறந்து போச்சுடா. அந்தத் தாகம் மட்டும் மறக்கல."

அதுக்கு நான் என்ன சொல்ல?

அப்புறம் அவனே பேச்சை மாத்தினான். பொண்ணைப் பரிசோதிச்சுட்டாங்களாம். அவன் சம்சாரத்துக்கு இந்த மரபணு கிடையாது. அதனால பொண்ணுக்கு அவன்கிட்டருந்து ஒரு மரபணு மட்டும் வந்திருக்கு, நோய் இல்ல. நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை பாக்கும்போது மட்டும் ரத்தம் டெஸ்ட் பண்ணணும், ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு ஒண்ணு இருந்தா நாலுல ஒரு குழந்தைக்கு நோய் வரலாம்னு எனக்கே பாடம் எடுத்தான். மாஸ்டர்ஸ் பண்றது நானா அவனான்னு ஒரு நிமிஷம் சந்தேகம்.

போகட்டும். உங்கள்ல வாத்தியார் வேலை பாக்குறவங்க இருக்கீங்க. நீலகிரி, வயநாடு, தர்மபுரி, ஏற்காடுன்னு மலைப் பக்கம் இருக்குறவங்க, என்.ஜி.ஓ. ஆட்கள் இருக்கீங்க. உங்களுக்காக, ஞாபகம் வெச்சுக்க நாலே நாலு விஷயம்:

1. படுக்கையை நனைக்கிற எல்லாக் குழந்தைக்கும் சிக்கிள் செல் இல்ல. ஆனா சிக்கிள் செல் இருக்குற ஊர்ல, இருக்குற குடும்பத்துல, ஒரு பிள்ளை விடாம நனைச்சு, கை கால் வலியும் சொன்னா, பிரம்பை வெச்சுட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மத்த பிள்ளையா இருந்தாலும் பிரம்பு வேண்டாம்.

2. சிக்கிள் செல் இருக்குற பிள்ளைக்குத் தண்ணியை நிறுத்தாதீங்க. வகுப்புல பாட்டில் வெச்சுக்கட்டும். எத்தனை தடவை கேட்டாலும் வெளிய விடுங்க. ராத்திரி ஒரு தடவை எழுப்பிக் கூட்டிட்டுப் போனா பாதிப் பிரச்சினை தீர்ந்துடும். வாந்தி பேதி, காய்ச்சல்னா அதே நாள் டாக்டர்கிட்ட.

3. கிரியாட்டினின் நார்மல்னு நிம்மதியாகாதீங்க. பத்து வயசு ஆச்சுன்னா வருஷம் ஒரு தடவை சிறுநீர் அல்புமின் விகிதம் பாக்கச் சொல்லிக் கேளுங்க. கேட்டா எடுப்பாங்க. சிறுநீர் சிவப்பா வந்தா, வலி இல்லாட்டியும் அன்னிக்கே காட்டுங்க.

4. வலிக்கு மருந்துக் கடைல நீங்களா டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் வாங்கித் தொடர்ந்து கொடுக்காதீங்க. வலியைத் தாங்கிக்கோன்னு சொல்லல, அந்த வலி கொடூரமானது. டாக்டர் கிட்னியையும் யோசிச்சு எழுதிக் கொடுக்குறதைக் கொடுங்க.

இதைப் படிச்சிட்டு 'அருமையான பதிவு'ன்னு மட்டும் போட்டுட்டுப் போயிடாதீங்க மக்களே. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஹாஸ்டல் வார்டனுக்கோ டீச்சருக்கோ இதைக் கொண்டு போய்ச் சேருங்க. முழுசா வேண்டாம்னா அந்த ரெண்டாவது பாயிண்ட் மட்டுமாவது.

டிஸ்கி: நேத்து அவன் வாட்ஸப்ல ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். முற்றத்துக் கயித்துல ஒரு சின்னப் பாய் காயுது. கீழ ஒரு வரி: "பொண்ணு வேலை. வயசு ரெண்டு, அதனால நார்மல்தான். டென்ஷன் ஆகாத."